வஞ்சகம் மூலதனமாகும் வாணிபம்

 

மனிதன் சக மனிதனை நம்பாமல் ஒரு நாளையும் கழிக்க இயலாது. அதிகாலையில் வாசலில் பால் ஊற்றிச் செல்பவரை நம்புகிறோம். பெரிய மார்க்கெட்டில் மீன் நிறுத்துத் தருபவரின் தராசை நம்புகிறோம். மாத்திரையின் உறையைப் பிரித்து விழுங்கும்போது, நாம் ஒருபோதும் கண்டிராத ஒரு தொழிற்சாலையை நம்புகிறோம். நேரு வீதிக் கடையொன்றில் நகை வாங்கும்போது, அதிலுள்ள தங்கம் எத்தனை மாற்று என்பதைக் கண்ணால் பார்த்து அறிய நம்மால் முடியாது; கடைக்காரரின் சொல்லையும் அவர் காட்டும் முத்திரையையும் நம்பியே பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். கொடுக்கல் வாங்கல் அனைத்தும் நம்பிக்கை என்னும் அடித்தளத்தின் மீதே நிற்கின்றன.

நம்பிக்கை விலைமதிப்புள்ளது. விலைமதிப்புள்ள எப்பொருளுக்கும் திருடன் உண்டு. ஆகவே ஏமாற்று வியாபாரம் எக்காலத்திலும் இருந்து வந்திருக்கிறது. ஷுஐப் (அலை) அவர்கள் தூதராக அனுப்பப்பட்ட மத்யன் மக்கள், அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்ததற்காக எச்சரிக்கப்பட்ட வரலாற்றைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கின்றது. அளவில் மோசடி செய்வோரின் பெயரிலேயே 83-ஆவது அத்தியாயம் அமைந்திருக்கின்றது.

எனினும், அன்றைய கள்ளத் தராசுக்கும் இன்றைய முதலாளித்துவச் சமூகத்தில் வஞ்சகம் வகிக்கும் இடத்திற்கும் பெரும் வேறுபாடு உண்டு. அன்று ஏமாற்றியவன் தனியொரு வியாபாரி. பிடிபட்டால் ஊர் அவனை ஒதுக்கி வைத்தது. இன்றோ ஏமாற்றுவதற்கென்று குளிரூட்டப்பட்ட அலுவலகம் உண்டு, விளம்பரம் உண்டு, முகவர்கள் உண்டு, கணக்கர்களும் வழக்கறிஞர்களும் உண்டு. மூலதனம் போட்டு இலாபம் எடுக்கும் தொழில்களுள் ஒன்றாக வஞ்சகமும் ஆகிவிட்டது. அது எவ்வாறு இயங்குகின்றது, நம் ஊருக்கு அது எவ்வாறு வந்து சென்றது, அதிலிருந்து நம்மையும் நம் பிள்ளைகளையும் எவ்வாறு காத்துக்கொள்வது என்பவற்றை இங்குக் காண்போம்.

குவியலுக்குள் இருந்த ஈரம்

வஞ்சகம் என்பது யாது? பொய் சொல்வது மட்டுமே வஞ்சகம் என்று பலர் எண்ணுகின்றனர். நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைத்தெருவில் நடந்து சென்றபோது நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இவ்வெண்ணத்தைத் திருத்துகின்றது. ஒரு வியாபாரி தானியத்தைக் குவித்து வைத்திருந்தார். நபியவர்கள் அக்குவியலுக்குள் தம் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். அவ்வாறாயின் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள்.

இந்நிகழ்ச்சியை ஊன்றிக் கவனியுங்கள். அந்த வியாபாரி தானியத்தில் தண்ணீர் ஊற்றவில்லை, மழைதான் நனைத்தது. உலர்ந்த தானியம் என்று அவர் கூவி விற்றதாகவும் செய்தி இல்லை. கேட்டவுடன் உண்மையையும் மறைக்காமல் கூறிவிட்டார். அவர் செய்ததெல்லாம் உலர்ந்ததை மேலேயும் நனைந்ததைக் கீழேயும் வைத்ததுதான். அதுவே வஞ்சகமாகக் கொள்ளப்பட்டது. வாங்குபவர் அறிய வேண்டியதை விற்பவர் அறிந்திருந்தும் மறைப்பதே வஞ்சகம் என்னும் இலக்கணம் இதிலிருந்து நமக்குக் கிடைக்கின்றது. வாய் பேசாமலும் பொய் சொல்லலாம். அடுக்கி வைக்கும் முறையாலும் பொய் சொல்லலாம்.

அக்காலச் சந்தையில் வழங்கிய வேறு சில தந்திரங்களும் தடை செய்யப்பட்டன. வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர் விலையை ஏற்றிக் கேட்டு, மற்றவர்களைத் தூண்டிவிடுவது ஒன்று. இதனை 'நஜ்ஷ்' என்பர். வெளியூரிலிருந்து சரக்கோடு வரும் வணிகரை ஊர் எல்லைக்கு வெளியிலேயே மடக்கி, சந்தை நிலவரம் அவருக்குத் தெரியும் முன்னர் மலிவாக வாங்கிவிடுவது மற்றொன்று. ஆட்டையோ ஒட்டகத்தையோ சில நாள்கள் கறக்காமல் விட்டு, மடி பெருத்துத் தோன்றும்படி செய்து விற்பது இன்னொன்று. இந்தக் கடைசி வகையில் ஏமாந்தவர், கறந்து பார்த்த பின், விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். விரும்பாவிட்டால் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பித் தந்துவிடலாம் என்று உரிமை வழங்கப்பட்டது. நுகர்வோர் உரிமை என்று இன்று நாம் பெருமையுடன் பேசுவதன் வித்து இங்கேயே இருக்கின்றது.

இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆளில்லாத ஆரவாரம், அறியாமையைப் பயன்படுத்துதல், பொய்த் தோற்றம். இன்றைய பெருமோசடிகள் அனைத்தும் இம்மூன்றின் கலவையே.

லாஸ்பேட்டையும் பாரிஸ் மாநகரமும்

முதலாளித்துவ உலகம் கண்ட முதல் பெரும் நிதிச் சரிவுகளுள் ஒன்று நமது புதுச்சேரியின் பெயரோடு பிணைந்திருக்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1664-இல் தொடங்கப்பட்டது. 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் அதன் குடியேற்றத்தை நிறுவினார். இங்கு நெய்யப்பட்ட துணிகள் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றன. ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கம்பெனி கடனில் மூழ்கித் தத்தளித்தது. அந்நேரத்தில் பாரிஸில் செல்வாக்குப் பெற்றிருந்தவர் ஸ்காட்லாந்து நாட்டவரான ஜான் லா. அவர் 1716-இல் ஒரு வங்கியைத் தொடங்கினார். 1717-இல் வட அமெரிக்காவின் லூசியானா நிலப்பரப்பில் வாணிபம் செய்யும் தனியுரிமையுடன் ஒரு கம்பெனியைத் தொடங்கினார். 1719-இல் பழைய கிழக்கிந்தியக் கம்பெனியையும் அதனோடு இணைத்துக்கொண்டார். புதுச்சேரிக் குடியேற்றமும் அவ்வாறே அவருடைய பெருங்கம்பெனியின் சொத்துக் கணக்கில் சேர்ந்தது.

அதன்பின் நடந்தது உலக வரலாற்றில் நிலைத்த பாடமாயிற்று. லூசியானா செல்வம் கொழிக்கும் பூமி என்று பேசப்பட்டது. உண்மையில் அங்கே குடியேறியவர்கள் சதுப்பு நிலத்திலும் நோயிலும் மடிந்தனர். கம்பெனியின் பங்கை வாங்குவதற்கு வேண்டிய பணத்தாளை ஜான் லாவின் வங்கியே அச்சடித்தது. 500 லிவர் முகமதிப்புள்ள பங்கு 1719-ஆம் ஆண்டு இறுதியில் ஏறத்தாழ 10,000 லிவருக்கு விலைபோயிற்று. பிரபுக்களும் வேலைக்காரர்களும் ஒரே தெருவில் முண்டியடித்துப் பங்கு வாங்கினர். 1720 ஜனவரியில் ஜான் லா பிரான்ஸின் நிதிப் பொறுப்பாளராகவே உயர்ந்தார். அவ்வாண்டின் நடுப்பகுதியில் நம்பிக்கை உடைந்தது, விலை சரிந்தது, டிசம்பரில் அவர் நாட்டைவிட்டு ஓடினார். 1729-இல் வெனிஸ் நகரில் வறுமையில் இறந்தார். அவரை நம்பிப் பணத்தாளைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த எளிய மக்களிடம் காகிதமே மிஞ்சியது.

அவருடைய தம்பி மகனான ழான் லா தெ லொரிஸ்தோன், 1765 முதல் 1777 வரை புதுச்சேரியின் ஆளுநராக இருந்து, ஆங்கிலேயரால் இடித்துத் தள்ளப்பட்ட நகரை மீண்டும் கட்டியெழுப்பினார். நம் ஊரின் லாஸ்பேட்டை அவர் பெயராலேயே வழங்குகின்றது என்பர்.

ஜான் லா திட்டமிட்டே ஏமாற்றினாரா, தம் திட்டத்தைத் தாமே மெய்யென்று நம்பினாரா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நமக்கு வேண்டிய படிப்பினை வேறு. அந்தக் கம்பெனியிடம் உண்மையான கப்பல்கள் இருந்தன. உண்மையான துறைமுகங்கள் இருந்தன. இங்குள்ள நெசவாளர்கள் தறியில் அமர்ந்து நெய்த உண்மையான துணியும் இருந்தது. பெரிய ஏமாற்று எதுவும் வெறும் பொய்யால் ஆனதன்று. ஒரு கைப்பிடி மெய்யை மேலே பரப்பி, அதன் கீழே பொய்யைக் குவித்து வைப்பதே அதன் வழக்கம். நனைந்த தானியத்தின் மீது உலர்ந்த தானியம் கிடந்ததைப் போல!

கணக்கு சொல்லும் உண்மை

இதே வழக்கத்தை நம் காலத்தில் காணலாம். 1990-களில் தேக்கு மரத்தோட்டம் என்றனர். தோட்டம் ஏதோ ஓரளவு இருந்தது. 2012-இல் பெருந்துறைப் பகுதியில் ஈமு கோழி என்றனர். கோழிகளும் கண்முன் திரிந்தன. அண்மைக் காலத்தில் தங்கம் என்றனர். கடையில் தங்கம் மின்னத்தான் செய்தது. மேலே தெரிந்தவை அனைத்தும் மெய். அவற்றைக்கொண்டு ஈட்டியதாகச் சொல்லப்பட்ட இலாபமே பொய்.

ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 2020-க்கும் 2022-க்கும் இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களிடமிருந்து 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டது என்பது காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு கூறிய கணக்கு. மாதந்தோறும் நூற்றுக்கு 25 முதல் 30 வரை தருவதாக வாக்களிக்கப்பட்டது. மாதம் 25 விழுக்காடு என்பதன் பொருளைச் சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் ரூபாயை அதே விகிதத்தில் மீண்டும் மீண்டும் போட்டு வந்தால், ஓராண்டில் அது 14 லட்சத்து 55 ஆயிரம் ரூபாயாகிவிடும். இத்தகைய இலாபம் தரும் நேர்மையான தொழில் இப்பூமியில் எதுவும் இல்லை. அப்படி ஒன்று இருந்தால், அதை நடத்துபவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்று நம் பணத்தைக் கேட்க மாட்டார்.

2023-இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பிரணவ் ஜுவல்லர்ஸ் நிறுவனம் தன் கடைகளை மூடியது. சென்னை, மதுரை, கும்பகோணம் முதலிய ஊர்களோடு நமது புதுச்சேரியிலும் அதன் கிளை இருந்தது. தங்க முதலீட்டுத் திட்டம் என்ற பெயரில் 100 கோடி ரூபாய் அளவுக்கு மக்களிடம் திரட்டப்பட்டதாக அமலாக்கத்துறை அவ்வாண்டு நவம்பரில் தெரிவித்தது.

இத்திட்டங்கள் சில மாதங்கள் சொன்னபடியே பணம் தருவதேன்? 1920-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்ஸி என்பவர், 45 நாள்களில் நூற்றுக்கு 50 தருவதாகக் கூறிப் பணம் திரட்டினார். முதலில் வந்தவர்களுக்குப் பின்னால் வந்தவர்களின் பணத்தையே எடுத்துக் கொடுத்தார். பணம் கையில் வந்தவர்கள் மகிழ்ந்து ஊரெல்லாம் சொன்னார்கள், அவர்களே விளம்பரமானார்கள். புதியவர்கள் வருவது குறைந்த நாளில் எல்லாம் சரிந்தது. அன்று முதல் இவ்வகை மோசடி அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது.

இதன் முடிவு முதல் நாளே கணக்கில் எழுதப்பட்டுவிடுகின்றது. ஒவ்வொருவருக்கும் கொடுக்க இரண்டு புதியவர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு இருவர், இருவருக்கு நால்வர், நால்வருக்கு எண்மர் என்று இரட்டித்துக்கொண்டே செல்லுங்கள். இருபதாவது படியில் மட்டும் 10,48,576 பேர் தேவைப்படுவர். அதுவரை சேர்ந்த அனைவரையும் கூட்டினால் 20,97,151 பேர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி காரைக்கால், மாஹி, ஏனாம் உட்படப் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மொத்த மக்கள்தொகையே 12,47,953-தான். கைக்குழந்தை முதல் முதியவர் வரை அனைவரையும் சேர்த்தாலும் இருபது படி ஏற ஆள் போதாது. ஆகவே கடைசியில் சேர்ந்த பெருங்கூட்டம் இழந்தே தீர வேண்டும். இதில் தவறு நேர்ந்து நிறுவனம் வீழ்வதில்லை. வீழ்வதற்கென்றே அது கட்டப்படுகின்றது.

சகோதரர்களே! கடைசியில் சேர்பவர் யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அவர் பெரும்பாலும் முதலில் தயங்கியவர், எச்சரிக்கையானவர், அண்டை வீட்டாருக்கு ஓராண்டாகப் பணம் வருவதைக் கண்ணால் கண்ட பிறகே துணிந்தவர். வளைகுடாவில் வெயிலில் நின்று உழைத்த மகன் அனுப்பிய பணம், மகளின் திருமணத்திற்கென்று சேர்த்த சவரன், கணவனை இழந்தவரின் கடைசிச் சேமிப்பு ஆகியன இந்தக் கடைசிப் படியில்தான் போய் விழுகின்றன. வேறு சிலர் கடன் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கின்றனர். நிறுவனம் மூடப்படுகின்றது, கடன் மட்டும் மூடப்படுவதில்லை.

மார்க்கத்தின் பெயரால்

வஞ்சகத்துக்கு மிகவும் பிடித்த உடை பக்தியாகும். வட்டி வாங்கக் கூடாது என்பதற்காக வங்கி வைப்பைத் தவிர்க்கும் முஸ்லிம் குடும்பங்கள் பல உண்டு. அந்தப் பேணுதலையே சிலர் சந்தையாக்கினர்.

பெங்களூரில் 2006-இல் தொடங்கப்பட்ட ஐ.எம்.ஏ. நிறுவனம் இதற்குக் கசப்பான சான்றாகும். அங்கே வட்டி என்ற சொல் இல்லை. இலாபப் பங்கு என்ற சொல் இருந்தது. முதலீட்டாளர் என்றுகூடச் சொல்லாமல், கூட்டாளி என்று அழைத்துப் பத்திரம் எழுதினர். மார்க்கம் அனுமதித்த முதலீடு என்று பரப்பப்பட்டது. பணம் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 2019 ஜூன் மாதத்தில் அதன் நிறுவனர் துபாய்க்குச் சென்றுவிட்டார். கடையின் முன் பெண்கள் அழுதுகொண்டு நின்றனர். ஏறத்தாழ 4,000 கோடி ரூபாய் தொடர்புடைய விவகாரம் என்று கூறப்பட்டது. அடுத்த மாதம் தில்லிக்குத் திரும்பியபோது அவர் கைது செய்யப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டான 2018-இல் ஹைதராபாதைத் தலைமையிடமாகக் கொண்ட ஹீரா கோல்டு நிறுவனத்தின் மீதும் இவ்வகைப் புகார்கள் எழுந்து, அதன் தலைவர் கைதானார்.

'ஹலால்' என்பது ஒரு பெயர்ப்பலகை அன்று. வட்டி என்ற சொல்லை நீக்கிவிட்டால் கொடுக்கல் வாங்கல் தூய்மையாகிவிடாது. கூட்டு வியாபாரம் என்றால் இலாபத்தோடு நட்டமும் பங்கிடப்பட வேண்டும். என்ன தொழில், எங்கே நடக்கின்றது, கணக்கு எங்கே என்று கேட்கும் உரிமை கூட்டாளிக்கு உண்டு. மாதந்தோறும் தவறாமல், நட்டமே இல்லாமல், கணக்கே காட்டாமல் ஒருவர் பணம் தருகின்றார் என்றால், அதற்கு அரபியில் என்ன பெயர் சூட்டினாலும் அது வியாபாரம் ஆகாது.

இத்திட்டங்கள் எவ்வாறு ஊருக்குள் நுழைகின்றன என்பதையும் நாம் மனம் திறந்து பேச வேண்டும். முல்லா வீதியிலோ கோட்டக்குப்பத்திலோ காரைக்காலிலோ, முன்பின் அறியாத ஒருவர் வந்து கதவைத் தட்டினால் யாரும் பணம் தர மாட்டார்கள். உறவினரோ, உடன் தொழுபவரோ, ஊரில் மதிப்புள்ளவரோ வந்து சொன்னால் தருவார்கள். நிறுவனம் தரகுத்தொகை என்ற பெயரில் வாங்குவது அவருடைய உழைப்பை அன்று; பல்லாண்டுகளாக அவர் ஈட்டிய நற்பெயரை. நற்பெயர் ஓர் அமானிதம். அதனை வாடகைக்கு விடுபவர், தமக்குச் சொந்தமில்லாத பொருளை விற்றவராவார். சரிவு வந்தபின் புகார் கொடுக்கப் பலர் அஞ்சுவதற்கும் காரணம் இதுவே. தாம் சேர்த்துவிட்டவர்களின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு மௌனமாகிவிடுகின்றனர். அந்த மௌனத்தில் அடுத்த மோசடி வளர்கின்றது.

சட்டத்திற்குள் ஒளிந்திருக்கும் ஏமாற்று

இதுவரை கண்டவை குற்றங்கள். குற்றம் என்று யாரும் பெயரிடாத ஏமாற்றுகளும் நம்மைச் சூழ்ந்திருக்கின்றன.

வட்டியே இல்லாத தவணை என்ற விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பிய அறிவிப்பில், சுழிய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று தெளிவுபடுத்தியது. வட்டி, செயல்பாட்டுக் கட்டணமாக உருமாறிவிடுகின்றது. அல்லது ரொக்கத்துக்கு வாங்குபவருக்குக் கிடைக்க வேண்டிய தள்ளுபடியை விழுங்கிவிடுகின்றது. பிஸ்கட் பொட்டலத்தின் விலை மாறாமல் இருக்க, உள்ளே எடை மட்டும் மெலிகின்றது. எடை உறையின் மீது அச்சிடப்பட்டிருப்பதால் அது சட்டப்படி சரி. ஆனால் அதைப் பொடி எழுத்தில், கண் படாத இடத்தில் அச்சிடும்போது, குவியலுக்குள் கையை நுழைத்தால்தான் ஈரம் தெரியும் என்ற நிலையே மீண்டும் உண்டாகின்றது.

கைபேசி வாணிபத்தில் இது ஒரு கலையாகவே வளர்ந்துவிட்டது. இன்னும் பத்து நிமிடமே சலுகை என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவது, சேர்வதற்கு ஒரு பொத்தானும் விலகுவதற்கு ஒன்பது வாயில்களும் வைப்பது போன்ற 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டு, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது.

பெரும் நிறுவனங்களும் இதற்கு விலக்கன்று. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், சோதனைச் சாலையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளைத் தன் கார்களில் பொருத்தியிருந்தது 2015-இல் வெளிப்பட்டது. உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் வாகனங்களில் அது இருந்தது. மடியைக் கட்டிவிட்டு விற்கப்பட்ட ஒட்டகத்திற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நம் நாட்டில் சத்யம் நிறுவனத்தின் தலைவர், கணக்கேட்டில் இல்லாத பணத்தைப் பல்லாண்டுகளாக இருப்பதாகக் காட்டி வந்ததை 2009 ஜனவரி 7 அன்று தாமே எழுதி ஒப்புக்கொண்டார். அந்தக் கணக்கைத் தணிக்கை செய்தோர் உலகப் புகழ் பெற்றவர்கள்.

நேர்மையான வியாபாரி ஏன் தோற்கின்றார்?

படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் ஏன் இதில் இறங்குகின்றனர்? மனித ஆசை ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் நோயின் வேரை நாம் அறியவில்லை என்றாகும்.

அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து ஓர் ஆய்வு எழுதினார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எது நல்லது, எது கெட்டது என்று பிரித்தறிய முடியாத நிலையில், வாங்குபவர் எல்லாவற்றுக்கும் குறைந்த விலையே தர முன்வருவார். நல்ல காரை வைத்திருப்பவருக்கு அவ்விலை கட்டாது. அவர் சந்தையை விட்டு வெளியேறுவார். இறுதியில் கெட்டவையே எஞ்சும். இந்த ஆய்வின் சிறப்புக்காக 2001-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 2015-இல் அவரும் ராபர்ட் ஷில்லரும் சேர்ந்து எழுதிய நூலில் மேலும் ஒருபடி சென்றனர். மனிதரின் பலவீனத்தில் இலாபம் இருக்குமாயின், தடையற்ற போட்டியில் யாரேனும் ஒருவர் அதைப் பயன்படுத்தியே தீருவார் என்பது அவர்களின் வாதம்.

நம் கடைத்தெரு வியாபாரிகளுக்கு இதை ஏட்டில் படித்து அறிய வேண்டியதில்லை. மிளகாய்த்தூளில் கலப்படம் செய்பவர் கிலோவுக்குச் சில ரூபாய் குறைத்து விற்கின்றார். கலக்காமல் விற்பவரிடம் வாடிக்கையாளர் வந்து, அந்தக் கடையில் மலிவாயிற்றே என்று பேரம் பேசுகின்றார். நேர்மைக்கு ஆகும் செலவு நேர்மையாளரின் தலையிலும், வஞ்சகத்தின் ஆதாயம் வஞ்சகரின் பெட்டியிலும் போய்ச் சேர்கின்றன. தனிமனித ஒழுக்கத்தை மட்டும் வலியுறுத்திவிட்டுச் சந்தையை அதன் போக்கில் விட்டுவிட்டால், ஒழுக்கமுள்ளவரைத் தண்டித்தவர்களாகவே நாம் ஆவோம்.

ஆகவேதான் இஸ்லாம் இரண்டையும் ஒருங்கே வைத்தது. உள்ளே இறையச்சம், வெளியே கண்காணிப்பு. நபியவர்கள் அறிவுரை கூறியதோடு நில்லாமல், குவியலுக்குள் கையை நுழைத்துச் சோதித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் கடைத்தெருவைக் கவனிக்கும் பொறுப்பை ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணியிடம் ஒப்படைத்ததாக வரலாற்றில் கூறப்படுகின்றது. பிற்கால முஸ்லிம் நகரங்களில் சந்தைகளைக் கண்காணிக்க 'முஹ்தஸிப்' என்னும் அதிகாரி இருந்தார். அதே வேளையில், துணி வியாபாரியான இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், குறையுள்ள துணியைக் குறையைச் சொல்லாமல் தம் கூட்டாளி விற்றுவிட்டதை அறிந்து, வாங்கியவரைக் கண்டறிய இயலாததால் அந்தத் தொகையைத் தர்மம் செய்துவிட்டதாகவும் படிக்கின்றோம். எந்த அதிகாரியும் அவரைக் கேட்கவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

சட்டம் இன்று நம் பக்கம் ஓரளவு நிற்கின்றது. 1997-இல் தமிழ்நாடும் 2004-இல் புதுச்சேரியும் வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றின. நமது புதுச்சேரியின் பி.என்.எல். நிதி நிறுவனத்தில் மக்கள் போட்ட பணம் திரும்ப வராத விவகாரத்தில், சொத்து முடக்கத்தை எதிர்த்து நியூ ஹொரைசன் சர்க்கரை ஆலை தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2012-இல் அந்நீதிமன்றம் புதுச்சேரிச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2019-இல் நாடு முழுமைக்குமாக, முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் வந்தது. பொய் விளம்பரத்தில் தோன்றும் பிரபலங்களுக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க, அதே ஆண்டில் இயற்றப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கின்றது. ஆனால் போன பணம் சட்டத்தின் வழியே திரும்பி வர ஆண்டுகள் பல ஆகும். முழுமையாக வருவதும் அரிது. எனவே கொடுக்கும் முன் கேட்பதே அறிவுடைமை.

பணம் கேட்டு வருபவரிடம் ஐந்து வினாக்களை எழுப்புங்கள். முதலாவது, இந்த இலாபம் எந்தத் தொழிலிலிருந்து வருகின்றது? இரண்டாவது, பொதுமக்களிடம் பணம் பெற எந்த அரசு அமைப்பு உங்களுக்கு அனுமதி தந்தது? மூன்றாவது, நட்டம் வந்தால் யாருக்கு? நான்காவது, தணிக்கை செய்யப்பட்ட கணக்கைக் காட்ட முடியுமா? ஐந்தாவது, என்னைச் சேர்த்துவிட்டால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்? இவற்றுள் ஒன்றுக்கு விடை தடுமாறினாலும் பணத்தை எடுக்காதீர்கள். சீட்டு என்றால் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். நகை வாங்கினால் ஆறு எழுத்தும் எண்ணும் கொண்ட ஹால்மார்க் அடையாளத்தைச் சரிபாருங்கள். 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம். ஐயமுள்ள திட்டங்களைப் பற்றி முறையிட ரிசர்வ் வங்கி 2016-இல் தொடங்கிய 'சசேத்' இணையதளம் உண்டு.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஆலிம் பெருமக்களுக்கும் பணிவான ஒரு வேண்டுகோள். எந்த நிறுவனத்தின் திறப்பு விழாவிலும், அதன் கணக்கை அறியாமல், துஆ ஓதியதை ஒப்புதல் முத்திரையாக்கிவிட இடம் தராதீர்கள். உங்கள் புகைப்படம் அவர்களுடைய விளம்பரத் தாளில் உலர்ந்த தானியமாகப் பரப்பப்படும். ஜமாஅத்துகள் தம் மஹல்லாவில் வட்டியில்லாக் கடன் நிதியை வலுப்படுத்தினால், அவசரத் தேவைக்காக ஏமாற்றுத் திட்டங்களில் விழுவோரைக் காக்க முடியும். ஏமாந்தவரை ஏளனம் செய்யாதீர்கள். அவர் துணிந்து புகார் கொடுக்கத் துணை நில்லுங்கள்.

வியாபாரிகளே! உண்மை பேசி, குறையை மறைக்காமல் விற்கும் இருவரின் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் உண்டு. மறைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்பது நபிமொழியின் கருத்து. இந்தக் கடற்கரை ஊர்களுக்கு இஸ்லாம் வந்து சேர்ந்ததில் வணிகர்களின் நாணயத்திற்குப் பெரும் பங்கு உண்டு என்று பெருமை பேசுகின்றோம். அந்த நாணயம் இன்று நம் கடையின் கல்லாப்பெட்டியில் இருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். உங்கள் சரக்கின் குறையை வாங்குபவர் கண்டறியும் முன் நீங்களே சொல்லுங்கள். நனைந்ததை மேலே வையுங்கள். அன்று விலை சற்றுக் குறையலாம். கண்ணை மூடிக்கொண்டு கைநீட்டும் வாடிக்கையாளர் ஒருவர் கிடைப்பார்.

வல்ல அல்லாஹ், நம் சம்பாத்தியத்தைத் தூய்மையாக்குவானாக! நம் நாவையும் தராசையும் நேராக்குவானாக! பிறரை ஏமாற்றுவதிலிருந்தும் பிறரால் ஏமாற்றப்படுவதிலிருந்தும் நம்மனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.